பதினோரு மலர்கள்

அத்தியாயம் பதினான்கு

டெல்பினுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். போன இதழைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு இன்னும் திரும்பி வாங்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

டெல்பின் திருவானைக்காவலில் ஓர் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. புருஷன் ரெஜிஸுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. வீடு மன்னார்புரம். ஒரே பெண் ஜோவிட்டா, எட்டு வயசு. அம்மா வேலை பார்க்கிற பள்ளியில், அம்மாவின் வகுப்பிலேயே மூன்றாவது படிக்கிறாள். "டீச்சர் பொண்ணே இங்க படிச்சாத்தான் மத்தவங்க நம்பிச் சேர்ப்பாங்க" என்று சொல்லிச் சேர்த்தது டெல்பின்தான்.

மாமனார் அற்புதசாமிக்கு இதில் துளியும் சம்மதமில்லை. லால்குடியில் இருக்கிறார். தலைமையாசிரியராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷன். "சொந்தப் பிள்ளைய சொந்த வகுப்புல உக்கார வைக்கக் கூடாதும்மா. பாசம் கண்ணை மறைக்கும்" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் அன்று, எல்லாரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பேச்சு முற்றிப் போய் டெல்பின் பந்தயமே கட்டிவிட்டாள்.

"பி.இ.ஓ. வந்து பாக்கட்டும் மாமா. ஜோவிட்டா மலர்னு அவர் வாயால சொன்னா அவ என் ஸ்கூல்லயே இருப்பா. சொல்லலேன்னா ஜூன்ல நீங்க சொல்ற இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்துடறேன். வார்த்தைன்னா வார்த்தை."

பி.இ.ஓ. என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். மலர் என்றால்? அதையும் சொல்லிவிடுகிறேன். டெல்பினிடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று வகுப்பும் ஒரே அறையில். பிள்ளைகளை வயசு பார்த்து உட்கார வைப்பதில்லை, படிப்பைப் பார்த்து உட்கார வைக்கிறாள். எழுத்து பழகுகிறவர்கள் அரும்பு. எழுத்துக் கூட்டி வார்த்தை படிக்கிறவர்கள் மொட்டு. புத்தகத்தைத் தானாகப் படித்துப் புரிந்துகொள்கிறவர்கள் மலர். சுவரில் பெரிய சார்ட் ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு காகிதப் பூ. படிப்பு ஏற ஏறப் பூவை உரித்து மேலே ஒட்டுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்பின் பதினோரு பிள்ளைகளும் மலருக்கு ஏறிவிட்டார்கள். பதினொன்றும்! தலைமையாசிரியை விஜயராணி அதைப் போட்டோ எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப, புதன்கிழமை நேரிலேயே வந்து பார்க்கிறேன் என்று பி.இ.ஓ. சொல்லிவிட்டார்.

அந்தப் புதன்கிழமைதான் இன்று.

ரெஜிஸ் லீவு போட்டிருந்தான். பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லியிருந்தான். பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பெண்டாட்டிக்கு இன்று பெரிய நாள், கூட இருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஜோவிட்டா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்று டெல்பின் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து ரெஜிஸ் தமிழ்ப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தான். பெண் கடகடவென்று படித்துக்கொண்டிருந்தாள். ஆமை ஒன்று குளத்தைத் தேடிப் போகிற பாடம்.

"கேட்டீங்களா? எங்கயாவது திக்குதா பாருங்க" என்றாள் டெல்பின், சீப்பைக் கடித்தபடியே.

ரெஜிஸ் பக்கத்தைப் புரட்டினான். எப்போதோ பாயசம் சிந்திய புத்தகம் அது. இரண்டு பக்கம் சேர்ந்து ஒட்டிக்கொண்டு ஒரேயடியாகப் புரண்டுவிட்டது. அவன் முன்னால் இப்போது ஆமையும் இல்லை, குளமும் இல்லை. சொல்லோடு சொல்லைச் சேர்க்கிற பயிற்சி ஒன்று, கூட்டல் கணக்கு மாதிரி, இருந்தது.

ஜோவிட்டா நிறுத்தவே இல்லை. ஆமை வரப்பில் ஏறியது, தவளையிடம் வழி கேட்டது, தவளை பதில் சொன்னது. எல்லாம் ஒரு எழுத்து பிசகாமல் வந்துகொண்டிருந்தது.

ரெஜிஸுக்குச் சந்தேகம் தட்டியது. மெதுவாகப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கே புரட்டினான். அப்போதும் ஆமை நடந்துகொண்டேதான் இருந்தது. அவள் கண் புத்தகத்தின் மேல்தான் இருந்தது. ஆனால் எழுத்தைப் பார்க்கிற கண் அப்படி ஒரே இடத்தில் நிற்காது.

ஜடை முடிந்து, டிபன் பாக்ஸ் கட்டி, டெல்பின் ஸ்கூட்டரைத் தெருவுக்கு இறக்கிய பிறகு, பெண் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அரை நிமிஷத்தில் கிட்டே போய்ச் சொன்னான்.

"டெல்பின், கோவிச்சுக்காத. அவ படிக்கல. ஒப்பிக்கறா."

"என்னங்க உளர்றீங்க?"

"பக்கம் மாறிடுச்சு. பாட்டு மாறல. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

டெல்பின் ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் நின்றாள்.

"மூணு வருஷமா ஒரே ரூம்ல உக்காந்திருக்கா இல்ல? ஒண்ணாவது படிக்கறப்பவே மூணாவது பாடத்தைக் காதுல வாங்கிட்டே இருந்திருக்கா. அதுக்கு முன்னாடியும் உன் கூடவே ரெண்டு வருஷம் வந்துட்டு இருந்தா. மனப்பாடம் ஆகாம என்ன செய்யும்?"

டெல்பினுக்கு இருபது வருஷ சர்வீஸ். எத்தனை பயிற்சிக்குப் போயிருக்கிறாள், எத்தனை பேருக்குப் பாடம் எடுத்துக் காட்டியிருக்கிறாள். பின்னால் நின்று ஜடை பின்னிக்கொண்டே கேட்டவளுக்குக் காது மட்டும்தான் வேலை செய்தது.

"அப்பாகிட்ட நான் மூச்சு விட மாட்டேன்" என்றான் ரெஜிஸ். "நீ என்ன செஞ்சாலும் சரிதான். பாத்துக்க."

மன்னார்புரத்திலிருந்து கிளம்பிய ஸ்கூட்டர் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. பாலத்தைத் தாண்டினால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாலத்துக்கு இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் டீச்சர். பள்ளிக்கூடத்தில் வாய் தவறி அம்மா என்று கூப்பிட்டுவிடக் கூடாதே என்று ஒன்றாம் வகுப்பில் போட்ட சட்டம்.

மாம்பழச்சாலையில் ஒரு பூக்கடை ஓரமாக டெல்பின் வண்டியை நிறுத்தினாள்.

"ஜோவி, அம்மா ஒண்ணு கேக்கட்டுமா?"

"பாலம் தாண்டியாச்சு."

"பரவால்ல. அம்மாதான் கேக்கறேன். ஆமைப் பாடம் பாக்காமயே சொல்லுவியா?"

ஜோவிட்டா இறங்கி நின்று பள்ளிப் பையின் வாரைத் திருகினாள். "அப்பா சொன்னாங்களா?"

"யார் சொன்னா என்ன. சொல்லு."

"எல்லாப் பாடமும் தெரியும்."

"எழுத்து தெரியும்தானே? கூட்டிப் படிக்க வரும்தானே உனக்கு?"

"வரும். ஆனா மெதுவாத்தான் வரும்."

"அப்ப மெதுவாப் படிக்க வேண்டியதுதானே கண்ணு?"

எட்டு வயசுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கண்ணீர் கிண்ணீர் எல்லாம் கிடையாது. வழக்கு நடத்துகிற வக்கீல் மாதிரி இருந்தது.

"எங்க கிளாஸ் ஹஃப்ஸா மெதுவாப் படிச்சா, 'பரவால்லடா, நிதானமாப் படி'ன்னு சொல்லுவீங்க. நான் மெதுவாப் படிச்சா, 'டீச்சர் பொண்ணு இப்பிடியா படிப்பா, கடகடன்னு வர வேணாமா'ன்னு சொல்லுவீங்க. அதான் கடகடன்னு வர மாதிரி செஞ்சேன்."

டெல்பினுக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தைதான், அதே குரல்தான், போன வாரம்கூடச் சொன்னாள்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா சார்ட்ல பூ இறங்கிடுமே." குரலைத் தணித்து, "பயப்படாதீங்கம்மா. சார் புக்குல இருந்துதானே கேப்பாரு? எந்தப் பக்கம் கேட்டாலும் எனக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது" என்றாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு டெல்பின் மேல் கோபம் வருகிறது. அந்த நிமிஷமே, "அப்படியெல்லாம் செய்யக் கூடாதுடி" என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. லால்குடி நினைவுக்கு வந்தது. மாமனார் முகம் நினைவுக்கு வந்தது. இந்தப் பெண் இல்லாத வகுப்பறை நினைவுக்கு வந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

பள்ளிக்கூடம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. வாசலில் விஜயராணி டீச்சரே கோலம் போட்டிருந்தார். பிள்ளைகள் காலைச் சாப்பாட்டுப் பொங்கலை முடித்துவிட்டுத் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். வணக்கக் கூட்டம் முடிந்ததும் வகுப்பு தொடங்கியது.

டெல்பின் வகுப்பை நீங்கள் ஒரு நாள் பார்க்க வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அவள் கெட்டிக்காரி. ஒரு மூலையில் அரும்புப் பிள்ளைகள் புளியங்கொட்டையை வைத்து எழுத்து வடிவம் செய்துகொண்டிருப்பார்கள். நடுவில் மொட்டுப் பிள்ளைகள் அட்டைகளைச் சேர்த்து வார்த்தை செய்வார்கள். ஜன்னல் ஓரம் மலர்ப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பத்தி படிப்பார்கள். முப்பத்தொரு பிள்ளைகள், மூன்று வேலை, ஒரே டீச்சர். சத்தம் இருக்கும், சண்டை இருக்காது.

இன்று டெல்பினுக்கு எதுவும் ஓடவில்லை. அரும்பு மூலையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். ஒன்றாம் வகுப்புச் செல்லக்கண்ணு, 'பட்டம்' என்ற அட்டையை வைத்துக்கொண்டு ப, ப என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"அவசரமே இல்ல தங்கம். டீச்சர் இங்கதான் இருப்பேன்" என்றாள்.

சொல்லி முடித்ததும் முதுகில் என்னவோ உறுத்தியது. திரும்பினாள். ஜன்னல் ஓரத்திலிருந்து ஜோவிட்டா பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுமனே பார்த்தாள். டெல்பினுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வெட்கமாக இருந்தது. தான் பெற்ற பெண்ணைவிட ஊரார் பிள்ளைகளிடம் பொறுமையாக இருந்திருக்கிறோமே என்று வெட்கம்.

எழுந்து பெண்ணிடம் போனாள். குனிந்து காதோடு கேட்டாள்.

"ஜோவி, உன் பூவை மொட்டுல ஒட்டட்டுமா? நீ வேணாம்னா ஒட்டல."

ஜோவிட்டா சார்ட்டைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். "தாத்தாகிட்டப் பந்தயம் கட்டினீங்களே டீச்சர்?"

"கட்டினது நான். தோத்தா நான் தோத்துட்டுப் போறேன்."

ஜோவிட்டா தன் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "நானே ஒட்டறேன் டீச்சர்" என்று எழுந்தாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மலரிலிருந்து தன் பூவை இதழ் கிழியாமல் உரித்தாள். மொட்டில் வைத்து உள்ளங்கையால் இரண்டு தடவை அழுத்தினாள். வகுப்பே படிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தது. சரியாக அந்த நேரம் பார்த்து விஜயராணி டீச்சர் உள்ளே வந்தார்.

"டெல்பின் டீச்சர்! என்ன பண்றீங்க? போட்டோ அனுப்பியாச்சு! ஜோவிட்டாவைத்தான் முதல்ல எழுப்பணும்னு நேத்தே பேசினோமே!"

"அவ இன்னும் மொட்டுதான் டீச்சர். நான்தான் கவனிக்காம ஏத்திட்டேன்."

"அதை நாளைக்கு இறக்கக் கூடாதா? புக்குல இருந்துதானே கேக்கப் போறாரு? இந்த ஸ்கூலுக்கு ஒரு நல்ல பேரு..."

வாக்கியம் முடியவில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது.

பி.இ.ஓ. தமிழ்மணி சாருக்கு ஐம்பது வயசு இருக்கும். சட்டையெல்லாம் வேர்வை. முக்கால் மணி நேரம் தாமதம். பிள்ளைகள் எழுந்து ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். அவர் பதில் வணக்கம் சொல்லி, நேராகச் சார்ட்டுக்கு முன்னால் போய் நின்றார். எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"போட்டோல பதினொண்ணு இருந்துச்சே டீச்சர்? இங்க பத்துதான் இருக்கு."

விஜயராணி டீச்சர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். டெல்பின் முந்திக்கொண்டாள்.

"என் தப்பு சார். ஒரு பிள்ளை பாடம் பூரா மனப்பாடமா ஒப்பிச்சதைப் படிக்குதுன்னு நினைச்சுட்டேன். இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. என் பொண்ணுதான் சார் அது."

அவர் டெல்பினை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பொண்ணா? எங்க, எழுந்திரு பாப்பா."

ஜோவிட்டா எழுந்தாள். "சார், புக்குல இருந்து கேக்காதீங்க சார். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஏதாவது குடுங்க. ஆனா மெதுவாத்தான் படிப்பேன்."

விஜயராணி டீச்சருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீடியோ எடுப்பதற்காக முதலிலேயே ஆன் செய்த செல்போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

தமிழ்மணி சார் சாக்பீஸை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். தன் வேர்த்த சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்.

'வரும் வழியில் மாம்பழச்சாலையில் என் வண்டி பஞ்சர் ஆனது.'

இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எந்தப் பிள்ளையும் இதைக் காதால் கேட்டதில்லை.

ஜோவிட்டா பலகைக்குக் கிட்டே போனாள். விரலை முதல் எழுத்தின் கீழே வைத்தாள்.

"வ... ரு... ம். வரும்."

முதல் வார்த்தைக்கே அவ்வளவு நேரம். டெல்பின் இரண்டு கையையும் பின்னால் கோத்துக்கொண்டாள். நாக்கு நுனியில், "ம், அடுத்து" வந்து நின்றது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"வ... ழி... வழி... யில். வழியில்."

மூன்றாவது வார்த்தை எமன் மாதிரி நீளமாக நின்றது. "மா... ம்... ப..." என்று போய், நின்று, மறுபடி முதலிலிருந்து வந்தாள். "மாம்... ப... ழ..." காது சிவந்துவிட்டது. நெற்றியில் வேர்த்துவிட்டது. பின்னால் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தான். ஹஃப்ஸா அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவன் அடங்கிவிட்டான்.

"மாம்பழ... ச்... சா... லை... மாம்பழச்சாலை!" துள்ளினாள். "நாங்க தினம் வர்ற இடம்! மாம்பழச்சாலையில்!"

யாரும் கை தட்டவில்லை. முப்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள்.

"என்... வ... ண்... டி. வண்டி. ப... ஞ்... ச... ர். பஞ்சர். ஆ... ன... து." விரலை எடுத்தாள். மறுபடி ஒரு தடவை, உதடு மட்டும் அசைய, முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள். பிறகு சட்டென்று திரும்பி அதிகாரியிடம் கேட்டாள்.

"ஐயோ, அப்ப தள்ளிக்கிட்டா வந்தீங்க சார்?"

அவ்வளவுதான், வகுப்பே சிரித்துவிட்டது. தமிழ்மணி சார் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆமா பாப்பா, பாதி தூரம் தள்ளினேன். பஞ்சர்க் கடைக்காரன் அப்பத்தான் கடையைத் திறந்துட்டு இருந்தான்."

டெல்பினும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் கடகடவென்று கேட்டபோதெல்லாம் வராத பெருமை இந்தத் திக்கல் திணறலில் வந்துவிட்டது. என் பெண் படித்துவிட்டாள். யாரோ எழுதியதை, தானாகப் பார்த்து, புரிந்துகொண்டு, பதிலுக்குக் கேள்வியும் கேட்டுவிட்டாள். ஓடிப் போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. டீச்சர் என்பதால் அங்கேயே நின்றாள்.

"மலர் இல்ல டீச்சர்" என்றார் தமிழ்மணி சார். "மொட்டுதான். நீங்க ஒட்டினது சரி."

"நான் ஒட்டல சார். அவளே ஒட்டினா."

அப்போது ஜன்னல் ஓரத்தில் ஒரு பையன் எழுந்தான். பிரவீன்ராஜ். மூன்றாம் வகுப்பின் சிங்கம். கலெக்டர் வந்தாலும் கூசாமல் படிப்பான் என்று டெல்பின் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த பையன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியில் ஏறினான். தன் பூவை உரித்து மொட்டில் ஒட்டினான்.

"எனக்கும் பாக்காமத்தான் தெரியும் டீச்சர். கூட்டிப் படிச்சா லேட்டாகும்."

அவன் இறங்குவதற்குள் இன்னொரு பெண் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவன். ரேஷன் கடை மாதிரி வரிசை. அந்த இரண்டு பூவும் கீழே இறங்கின. கடைசியாக ஹஃப்ஸா தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"நானும் போகணுமா டீச்சர்? நானும் மெதுவாத்தானே படிக்கறேன்?"

"நீ எங்கடி போற? நீ பாத்துப் படிக்கறவ. உக்காரு" என்றாள் டெல்பின், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

மலரில் ஏழு. விஜயராணி டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வாசலில் அவர் போட்ட கோலம் வீணாகப் போன வருத்தம் முகத்தில் தெரிந்தது.

தமிழ்மணி சார் ஃபாரத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "எவ்வளவுன்னு எழுதட்டும்?"

"ஏழு சார்."

"பதினொண்ணுன்னு உங்க ஹெச்.எம். அனுப்பியிருக்காங்க. மேல கேப்பாங்க. எப்படிக் குறைஞ்சுதுன்னு உங்ககிட்ட விளக்கம் கேட்டாலும் கேப்பாங்க."

"எழுதிக் குடுக்கறேன் சார். ஏழுன்னே போடுங்க. இருபது வருஷமா பாடம் எடுக்கறேன். என் கிளாஸைப் பாத்து இன்னிக்கு மாதிரி நான் பெருமைப்பட்டதே இல்ல. அதையும் வேணும்னா எழுதிக்கோங்க."

அவர் எழுதினார். அதையும் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. கிளம்பும்போது ஜோவிட்டாவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அவர் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் விஜயராணி டீச்சருக்கு ஞாபகம் வந்தது. செல்போனைப் பார்த்து, "அம்மாடியோவ்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்ன டீச்சர்?"

"நேத்து நான் என்ன சொன்னேன்? ஜோவிட்டா படிக்கறதை எடுத்து உடனே நம்ம ஆசிரியர் குரூப்ல போடறேன்னு சொன்னேனா? கை பழக்கத்துல போட்டுட்டேன் டீச்சர். சார் போர்டுல எழுதினதுல இருந்து மொட்டுன்னு சொன்னது வரைக்கும் பூரா போயிடுச்சு. நாப்பது பேர் பாத்துட்டாங்க!"

அந்தக் குரூப்பில் ரிட்டயர் ஆன பிறகும் விலகாத ஒரே ஒரு ஆள் உண்டு. அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டெல்பினின் கைப்பையில் போன் அதிர்ந்தது. 'மாமா லால்குடி' என்று காட்டியது. அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வராந்தாவுக்கு வந்து எடுத்தாள். அவர் ஆரம்பிக்கும் முன் தானே ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்தீங்களா மாமா? என் பொண்ணு படிச்சா."

"பந்தயம் போச்சேம்மா" என்றார் அற்புதசாமி.

"போச்சு மாமா. இல்லேங்கல. நீங்க சொன்னதுதான் சரி, பாசம் என் கண்ணை மறைச்சிடுச்சு. ஜூன்ல நீங்க சொல்ற இடத்துல சேர்க்கறேன். ஆனா அந்த வீடியோவை இன்னொரு தடவ போட்டுப் பாருங்க. எங்கயாவது அவ பயந்தாளா பாருங்க. முப்பது பேர் முன்னாடி, ஒரு ஆபீஸர் முன்னாடி, தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிட்டு நின்னு படிச்சா மாமா. நம்ம வீட்டுல யாருக்கு வரும் அது? எனக்கு வராது."

"நாலு தடவ பாத்துட்டேன்" என்றார் அவர். "பிள்ளைகிட்ட போனைக் குடு."

டெல்பின் ஜோவிட்டாவைக் கூப்பிட்டு போனைக் கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டாள் அவள். தாத்தா ஏதோ பேசினார். நீளமாகப் பேசினார். என்ன பேசுகிறார் என்று டெல்பினுக்குக் கேட்கவில்லை, பெண்ணின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் முதலில் மலர்ந்தது, பிறகு யோசித்தது, பிறகு தீர்மானத்துக்கு வந்துவிட்டது.

"முடியாது தாத்தா" என்றாள் ஜோவிட்டா.

டெல்பினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அற்புதசாமியிடம் அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் மகன் நாற்பது வயசிலும் சொன்னதில்லை.

"இல்ல தாத்தா. கோவமெல்லாம் இல்ல. ஆனா முடியாது. நீங்க வேணா இங்க வாங்க." போனை அணைத்து அம்மாவிடம் நீட்டினாள்.

"என்னடி கேட்டாரு? எதுக்கு முடியாதுன்ன?"

"அப்புறம் சொல்றேன் டீச்சர்." ஜோவிட்டா அதற்குள் வகுப்பு வாசலைத் தாண்டியிருந்தாள். "எங்க மொட்டுல படிக்க ஆரம்பிச்சுட்டாங்க!"

(தொடரும்)